ஷெட்டில் நிற்கும் ஃபியட்டும் ஷோரூமில் நிற்கும் ஆல்டோவும்

கேள்வி சுருக்கமாக இது: ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவே கிராமம். தாத்தா 1969-இல் வாங்கிய ஃபியட் 1100 டிலைட் பல வருடமாக ஷெட்டில் நிற்கிறது. அப்பா அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, கோயில், கல்யாணம் என்று போய்வர ஒரு கார் வேண்டும். ஆல்டோ கே10 மாதிரி புதிதாக ஒரு சின்ன கார் வாங்குவதா, அந்தப் பணத்தில் ஃபியட்டைச் சரிபண்ணி ஓட்டுவதா? அப்பாவின் கட்சி: "அது இரும்பு. இப்போ வர்றதெல்லாம் தகர டப்பா."

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு உபயோகத்துக்குப் புது கார் வாங்குங்கள். ஃபியட்டை விற்காதீர்கள். அதில் வேறு எஞ்சினும் ஏசியும் மாட்டி அதைப் புதுக் காராக்கவும் முயலாதீர்கள். தாத்தா காலத்தில் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் அந்த ஃபியட்தான் போய்வந்தது, நன்றாகவே போய்வந்தது. வண்டி மோசமாகிவிடவில்லை, அதைச் சுற்றி ஓடும் வண்டிகளின் வேகம் மாறிவிட்டது. நம் பக்கத்தில் இன்று இரண்டு விதமான ரோடு இருக்கிறது. தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலை போல நூறில் பறக்கும் ரோடு ஒன்று. மதகும் வளைவுமாக, எதிரே டிராக்டர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய ஆற்றங்கரைச் சாலை இன்னொன்று. முதலாவதில் ஃபியட்டுக்கு வேலை இல்லை. இரண்டாவதில் அது இன்றும் அருமையான வண்டி.

அப்பாவின் இரும்பு வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் முடிவைத் தீர்மானிப்பது அதுதான். அவர் சொல்வதில் பாதி உண்மை. ஃபியட்டின் மட்கார்டைத் தட்டினால் வரும் சத்தமே வேறு. வண்டி கிட்டத்தட்ட 900 கிலோ. கே10 அதைவிட நூறு கிலோவுக்கு மேல் இலேசு. ஆனால் தகடு எவ்வளவு கனம் என்பது மோதலில் உயிரைக் காப்பாற்றுவதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது இடித்து நிற்கும்போது அந்த வேகம் எங்காவது செலவாகியே தீர வேண்டும். புது காரில் பானெட்டுக்கு அடியில் இருக்கும் பகுதி நசுங்குவதற்கென்றே வடிவமைத்தது. அது மடிந்து மடிந்து வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஆள் உட்காரும் கூண்டை மட்டும் உறுதி கூடிய எஃகில் செய்து, அது நசுங்காமல் நிற்கும்படி பார்த்துக்கொள்வார்கள். விபத்துக்குப் பிறகு புது காரின் முன்பகுதி அப்பளமாகிக் கிடப்பதைப் பார்த்து "டப்பா" என்கிறோம். அது அப்பளமானதால்தான் உள்ளே இருந்தவர் நடந்து இறங்கினார்.

ஃபியட் போன்ற 1960-களின் காரில் அந்தத் திட்டமே கிடையாது. எது எங்கே மடிய வேண்டும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. ஸ்டீரிங் கம்பி ஒரே நீளமாக முன்னாலிருந்து ஓட்டுபவரின் நெஞ்சை நோக்கி வருகிறது. முன்னால் பலமாக இடி விழுந்தால் அது பின்னுக்கு வரும். டேஷ்போர்டு வெறும் தகடு. சீட் பெல்ட் இல்லை, தலைக்குப் பின்னால் தாங்கல் இல்லை. 2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் இதைக் கண்ணெதிரே காட்டியது. 1959 மாடல் செவ்ரோலே பெல் ஏர் ஒன்றையும் 2009 மாடல் செவ்ரோலே மாலிபு ஒன்றையும் 40 மைல் வேகத்தில், அதாவது மணிக்கு 64 கிலோமீட்டரில், நேருக்கு நேர் ஓரமாக மோதவிட்டார்கள். பெல் ஏர் நம் ஃபியட்டைவிட மிகப் பெரிய, மிகக் கனமான இரும்பு. அதன் ஓட்டுநர் கூண்டு உள்வாங்கிப் போனது, ஓட்டுநராக வைத்த சோதனைப் பொம்மையின் அளவீடுகள் உயிர் பிழைக்க முடியாத அளவில் இருந்தன. மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில் சின்னக் காயம், அவ்வளவுதான். அந்த வீடியோ இணையத்தில் கிடைக்கும். அப்பாவுக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள், விவாதம் தேவைப்படாது.

அதற்காகப் புது சின்ன கார் என்றாலே பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். 2023-இல், கார்களை மோதவிட்டு ஸ்டார் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் ஆல்டோ கே10-க்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் 5-க்கு 2 ஸ்டார்தான் கிடைத்தது. வேகன் ஆருக்கு 1. குழந்தைகள் பாதுகாப்பில் இரண்டுக்குமே ஒரு ஸ்டார்கூட இல்லை. டாடா டியாகோ 2020-இல் 4 ஸ்டார் வாங்கியது. நடுவில் சோதனை முறை கடுமையாகிவிட்டதால் இந்த எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது என்றாலும், காரைத் தேர்ந்தெடுக்கும்போது மைலேஜுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 2025-இல் இருந்து கே10-இல் எல்லா மாடலிலும் 6 ஏர்பேக் வருகிறது. பேரப்பிள்ளைகள் பின்சீட்டில் உட்காரப் போகிறார்கள் என்றால், கொஞ்சம் கூடப் போட்டு நல்ல ஸ்டார் வாங்கிய கார் எடுப்பது என் யோசனை.

அடுத்தது பிரேக். ஃபியட்டில் நாலு சக்கரத்திலும் டிரம். ஐப்பசி மழையில் வாய்க்கால் வழிந்து ரோட்டில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நிற்கும் இடத்தைத் தாண்டிப் பாருங்கள். டிரம்முக்குள் தண்ணீர் புகுந்துவிடும், அடுத்த முறை பெடலை மிதித்தால் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். அந்தக் காலத்து டிரைவர்கள் தண்ணீரைத் தாண்டியதும் பெடலை இலேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டுவார்கள், உரசல் சூட்டில் லைனிங் காய்வதற்காக. இன்னொன்று இதைவிட முக்கியம். அந்தக் கால ஹைட்ராலிக் பிரேக் ஒரே சர்க்யூட். ஏதாவது ஒரு சக்கரத்தில் ரப்பர் வாஷர் கிழிந்து ஆயில் வெளியேறினால், நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். புது காரில் அதை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். முன்னால் டிஸ்க். 2019 ஏப்ரலில் இருந்து ஏபிஎஸ் எல்லாக் காருக்கும் கட்டாயம். நெல் காயப்போட்ட ரோட்டில் அவசரமாகப் பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். ஏபிஎஸ் இருந்தால் சக்கரம் சுழன்றபடியே இருக்கும், ஸ்டீரிங் நம் பேச்சைக் கேட்கும்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபியட்டில் 1089 சிசி, 4 சிலிண்டர், நாற்பது சொச்சம் குதிரைச் சக்தி. கே10-இல் 998 சிசி, 3 சிலிண்டர், 66 குதிரைச் சக்தி, அதுவும் இலேசான உடம்பில். ஃபியட்டில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றும். புது காரில் சைலன்சர் பாதையில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் ஓயாமல் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் சொட்டுச் சொட்டாக அளந்து விடும். கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 24-க்கு மேல். நம் ரோட்டில் 18, 20 எதிர்பார்க்கலாம். நன்றாக டியூன் செய்த ஃபியட் 11, 12 கொடுத்தால் சந்தோஷப்படுங்கள்.

அளவைப் பார்த்தால் ஓர் ஆச்சரியம். ஃபியட் கே10-ஐவிட ஒன்றேகால் அடிக்கு மேல் நீளம். ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியில் கே10-தான் கூடுதல்: 2380 மில்லிமீட்டர், ஃபியட்டில் 2340. எஞ்சினைக் குறுக்காகப் படுக்கவைத்து, முன் சக்கரத்தையே இழுக்கவிட்டு, சக்கரங்களை நாலு மூலைக்குத் தள்ளியதால் மிச்சமான இடம் அது. பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டும், அது ஓடுவதற்கான மேடும் உள்ளே இல்லை.

சரி, டெல்டாவுக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. புது கார் வாங்குபவர்களுக்கு ஷோரூமில் யாரும் இவற்றைச் சொல்ல மாட்டார்கள்.

முதலாவது எலி. அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வரும். ராத்திரி சூடாக நிற்கும் எஞ்சின் அதற்கு நல்ல இடம். புது காரில் பானெட்டுக்குள் ஓடும் வயர்க்கட்டு மெல்லிசு, எண்ணிக்கையும் அதிகம். சென்சாருக்குப் போகும் ஒரே ஒரு வயரைக் கடித்துவிட்டாலும் காலையில் வண்டி கிளம்பாது, ஸ்கேனர் உள்ளவர் வந்தால்தான் எங்கே என்று தெரியும். ஃபியட்டில் மொத்த வயரையும் ஓர் எலெக்ட்ரீஷியன் டெஸ்ட் லேம்ப்பும் இன்சுலேஷன் டேப்பும் வைத்து ஒரு மதியத்தில் பார்த்துவிடுவார். ஆகவே புது காரை நெல் மூட்டைக்கும் வைக்கோல் போருக்கும் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். அறுவடை மாதங்களில் தினமும் காலையில் பானெட்டைத் திறந்து எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது வைக்கோல். சம்பா அறுத்த பிறகு ரோட்டில் வைக்கோலும், அப்புறம் உளுந்து, பயறுச் செடியும் பரப்பி வண்டி ஏற்றிப் போரடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. புது காரின் அடியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்ற ஒன்று இருக்கிறது, புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி. ஓடும்போது அது பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். காய்ந்த செடி சக்கரத்தண்டில் சுற்றிக்கொண்டு அதன்மேல் உரசினால் தீப்பிடிக்கும். இப்படிக் கார்கள் எரிந்திருக்கின்றன. பழைய காரில் அந்தப் பெட்டி இல்லை, ஆனாலும் சைலன்சர் குழாய் சூடுதான். எந்தக் காராக இருந்தாலும் சுற்றிப் போங்கள். வேறு வழியில்லாமல் ஏறிவிட்டால், தாண்டியதும் இறங்கி அடியில் குனிந்து பாருங்கள்.

மூன்றாவது வெள்ளம். ஃபியட்டில் ரேடியேட்டருக்குப் பின்னால் ஓயாமல் சுற்றும் ஃபேன், தண்ணீரை அள்ளி, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்மேல் அடிக்கும். வண்டி நின்றுவிடும். மூடியைக் கழற்றி, உள்ளே உலர்ந்த துணியால் துடைத்து, திரும்ப மாட்டினால் கிளம்பிவிடும். விவரமான டிரைவர்கள் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே ஃபேன் பெல்ட்டைத் தளர்த்திவிடுவார்கள். புது கார் அதே தண்ணீரில் நிற்காமல் போகும், ஆனால் ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிட்டால் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே போகும். தண்ணீரில் நின்றுபோன புது காரைத் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது, தள்ளி வெளியே எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பாலிசியில் இந்தச் செலவு பெரும்பாலும் வராது.

இனி ஃபியட் பக்கம். அதை ஏன் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றால், ஓட்டுவது என்றால் என்ன என்பதை அந்த வண்டி அளவுக்குப் புது கார் எதுவும் காட்டாது. கியர் ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் கையோடு இருக்கிறது. முதல் கியருக்கு சின்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கித் தரும் அமைப்பு) இல்லை, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் போடப் பார்த்தால் பல்லைக் கடிக்கும். மதகு மேடு வருகிறது என்றால் முன்னாலேயே இரண்டாவதுக்கு இறங்கி, வேகத்தை விடாமல் ஏற வேண்டும். அப்படி ஏறும்போது எஞ்சின் சத்தம் எங்கே கனக்கிறது, எங்கே இலேசாகிறது என்று காது தானாகவே கேட்கப் பழகும். முன்சீட்டு ஒரே நீள பெஞ்ச், தரையில் கியர் கம்பியும் இல்லை, வேட்டி கட்டிய பெரியவர்கள் கால் இடிக்காமல் ஏறி இறங்கலாம். கண்ணாடித் தூண்கள் ஒல்லியாக இருப்பதால் நாலு பக்கமும் வெளியே தெரியும், குறுகல் பாலத்தில் கைப்பிடிச் சுவர் எங்கே என்று ஊகிக்க வேண்டியதில்லை. கதவின் முன்மூலையில் இருக்கும் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் காற்று நேரே மார்பில் வந்து விழும். காலை ஆறரை மணிக்கு, ஆடுதுறையிலிருந்து ஆற்றைத் தாண்டி சூரியனார்கோயில், கஞ்சனூர் என்று 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்வருவதற்கு இதைவிட நல்ல கார் எனக்குத் தெரியாது.

உங்கள் அதிர்ஷ்டம், நிற்பது ஃபியட். அந்த வண்டியே பிற்பாடு பிரீமியர் பத்மினி என்ற பெயரில் சுமார் 2000 வரை பம்பாயில் தயாரானது. மும்பை டாக்ஸிகளாக 2023 அக்டோபர் வரை ஓடியது. ஆகவே எஞ்சின், பிரேக், கிளட்ச் சாமான்கள் மும்பையிலும், சென்னை புதுப்பேட்டையிலும் தேடினால் இன்றும் கிடைக்கும். அதுவே சென்னை வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டாக இருந்திருந்தால் நிலைமை வேறு. பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து மொத்த முகமே முன்னால் கவிழ்ந்து திறக்கும் அழகான வண்டி அது. ஆனால் 1970-களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டதால் ஒவ்வொரு சாமானுக்கும் அலைய வேண்டும். அம்பாசிடர் என்றால் கவலையே இல்லை, 2014 வரை வந்தது.

கிடைக்காமல் போய்க்கொண்டிருப்பது கார்புரேட்டரைக் காதால் டியூன் செய்யத் தெரிந்த ஆள்தான். கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் அம்பாசிடர், ஃபியட் டாக்ஸிகளைப் பார்த்துப் பழகிய மூத்த மெக்கானிக்குகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை முதலில் பிடியுங்கள், வண்டியை அப்புறம் தொடலாம். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் இடைவெளி வைப்பது, வால்வுகளின் டேப்பெட் அட்ஜஸ்ட் செய்வது, பிளக்கின் நிறத்தைப் பார்த்துக் கலவை கூடவா குறையவா என்று சொல்வது ஆகிய மூன்றையும் நீங்களே கற்றுக்கொண்டால் அந்தக் காரைக் காலத்துக்கும் வைத்திருக்கலாம்.

வண்டியை எடுக்கும்போது ஆசையில் பேட்டரி மாட்டி சாவியைத் திருப்பிவிடாதீர்கள். பல வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் ஒட்டிப்போயிருக்கும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் மட்டும் அடுத்த வேலை. டாங்க்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள். வீல் சிலிண்டர்கள் கட்டாயம் துருவேறிப் பிடித்திருக்கும், எல்லாவற்றையும் மாற்றுங்கள். டயரில் பட்டன் இருந்தாலும் ரப்பர் செத்திருக்கும், ஐந்தும் புதிதாக வேண்டும், ஸ்டெப்னி உட்பட.

அதற்கு முன், பாடி. நம் மண்ணின் ஈரத்தில், கடலிலிருந்து வரும் காற்றில், செலவை விழுங்கப் போவது அதுதான். ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, யாரோ எப்போதோ பூசிய பட்டி இருக்கிறது. தரை விரிப்பைத் தூக்கி ஓட்டுபவர் காலடியை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் இடத்தைப் பாருங்கள். பின் லீஃப் ஸ்பிரிங் பாடியோடு சேரும் இடம் கெட்டியாக இருந்தால் தைரியமாக இறங்கலாம். அது பொடிந்துபோயிருந்தால் நல்ல டிங்கரிடம் காட்டி மதிப்பீடு வாங்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். புது கார் அதற்கென்றே தயாரானது. 1969 ஃபியட்டின் ரப்பர் குழாய்களும், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமும் அதைத் தாங்காது, வீங்கி வெடிக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள், கார்புரேட்டரில் ஒரு அளவு பெரிய ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். ஹெட் அலுமினியம், ஒருமுறை கொதித்துவிட்டால் வளைந்துவிடும். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். அதனால் டாங்க்கை நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்தக்கூடாது. கொஞ்சமாகப் போட்டு, வாரம் ஒருமுறை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுங்கள். நின்ற வண்டிதான் சாகும்.

கடைசியாக ஆர்சி. டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார் ஓடக்கூடாது என்ற கட்டுப்பாடு அந்த வட்டாரத்துக்கானது, தமிழ்நாட்டுக்கு இல்லை. இங்கே தகுதிச் சான்று வாங்கி, 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 2021-இல் மத்திய அரசு 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு என்று தனியாகக் கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், நம்பர் பிளேட்டில் 'விஏ' என்று வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்க முடியும், வழக்கமான ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கஞ்சனூருக்கு வாராவாரம் போக நினைக்கிற உங்களுக்கு அது வேண்டாம், சாதாரணப் பதிவையே புதுப்பியுங்கள். ஆர்சி தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து அப்பா பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதக் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கான காலக்கெடு எப்போதோ தாண்டியிருக்கும், அபராதம் கேட்பார்கள். பட்டறையில் பணம் கட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.